நெஸ்டர் ஓசூனாவின் மதிப்பெண்

பள்ளி நோட்டீசில் ஒரு பையனின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம் என்று போட்டிருந்தால், நான் அதை ஆறடி என்று எடுத்துக்கொள்வேன். ஆறடி என்று போட்டிருந்தால் ஐந்தடி பத்து. பதினாறு வருஷமாக மேற்கு டெக்சாஸ் பள்ளிகளில் எங்கள் கல்லூரி அணிக்கு ஆள் தேடி அலைகிறேன். தன் பையனை ஓர் அங்குலம் குறைத்துச் சொன்ன பயிற்சியாளரை இதுவரை பார்த்ததில்லை. அதனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பையனைக் குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திவைத்துத்தான் பேச்சுக்கொடுப்பேன். அந்த இயந்திரம் சரியாக ஆறடி. அதற்கு யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டிய தேவையில்லை.

நெஸ்டர் ஓசூனா அந்த இயந்திரத்தைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தான். நோட்டீசில் போட்டிருந்ததும் அவ்வளவுதான். அப்போதே எனக்கு உறுத்தியது. இந்த ஊரில் எதற்காக உண்மை சொல்கிறார்கள்?

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை. டம்ப்ரி வெல்ஸ் என்ற அந்த ஊரில் பருத்தி எடுத்து முடித்து, சாலையோரமெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வரும் வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நாக்அவுட் ஆட்டம். கடைக் கண்ணாடிகளில் எல்லாம் சோப்பு நுரையால் நெஸ்டரின் பெயர் எழுதியிருந்தது. காலையில் டோனட் கடைக்காரரிடம் பையன் எப்படி என்று கேட்டேன். தங்கமான பையன் என்றார். பள்ளியில் தரை துடைப்பவரிடம் கேட்டேன். அவரும் தங்கம் என்றார். கணக்கு டீச்சரும் அதே. ஒரு ஊரே ஒரே வார்த்தையைச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன். என் புத்தி அப்படி.

எங்கள் ஊர்க் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் வாங்கி, தன்னைச் சாய்க்க ஓடிவரும் தடியன்களையும் பார்த்துக்கொண்டு, மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவன்தான் குவார்ட்டர்பேக். எறிகிற கை நிறையப் பையன்களுக்கு இருக்கிறது. அந்த மூன்று நொடியில் வேலை செய்கிற தலை ஆயிரத்தில் ஒருவனுக்குத்தான். எங்களுக்கு அப்படி ஒரு தலை உடனடியாக வேண்டியிருந்தது. போன வருஷம் நான் பிடித்துக்கொண்டு வந்தவன் மைதானத்தில் நடுக்கடலில் விட்டமாதிரி விழித்துக்கொண்டு நின்றான்.

நெஸ்டரின் பயிற்சியாளர் ப்ரூவிட், கழுத்தும் தலையும் ஒரே அகலமான மனிதர். என்னைப் பார்த்ததும் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"வாய்யா வேட் கெல்லம்! போன தடவை வந்தப்போ என் பையன்ல ஒருத்தனை வேணாம்னு விட்டுட்டுப் போனே. அவன் இப்ப அரிசோனால பின்னி எடுக்குறான், தெரியுமில்ல?"

"தெரியும் கோச். ரெண்டாவது வரிசை பெஞ்சுல பின்னி எடுக்குறான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு தடித்த கோப்பை என் முன்னால் போட்டார். "எல்லாம் இதுல இருக்கு. மார்க்கு, நடத்தை, தடுப்பூசி, எல்லாம். அவங்கம்மாவே எல்லாத்தையும் காட்டலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. எங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லப்பா."

மறைக்க ஒன்றும் இல்லை என்று யாராவது தானாகச் சொன்னால், நான் கோப்பைப் பின்னாலிருந்துதான் புரட்டுவேன். கடைசியில் ஆகஸ்ட் மாதத் தாள் ஒன்று இருந்தது. ஆட்டப் பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு பையனையும் கணினி முன்னால் உட்காரவைத்து ஒரு மூளைச் சோதனை வைப்பார்கள். வார்த்தைகளை நினைவு வைத்துக்கொள்வது, வடிவங்களைப் பொருத்துவது, வண்ணம் மாறினால் பட்டனைத் தட்டுவது, அவ்வளவுதான். அந்த மதிப்பெண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைத்து, மதிப்பெண் இறங்கியிருந்தால் பையனை உட்காரவைத்துவிடுவார்கள்.

நெஸ்டர், நினைவாற்றலில் நூற்றுக்குப் பதினெட்டு. வேகத்தில் பதினாறு.

ஓஹோ, அப்படியா என்றிருந்தது எனக்கு. இவ்வளவு மந்தமான தலை மூன்று நொடியில் எதை முடிவெடுக்கும்? காணொளிகளில் அவன் ஒவ்வொரு முறை பந்தை வாங்கும் முன்னாலும் ப்ரூவிட் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்திருந்தேன். தலை ப்ரூவிட்டுடையது, கை மட்டும்தான் பையனுடையது என்று கணக்குப் போட்டேன். அப்படி எத்தனையோ பையன்களைப் பார்த்தாயிற்று. கல்லூரிக்கு வந்த முதல் மாதத்திலேயே சாயம் வெளுத்துவிடும்.

"கோச், பையன்கிட்ட தனியா அரை மணி நேரம் பேசணும். நீங்க வெளிய இருக்கணும்."

"எதுக்கு? நான் இருந்தா கடிச்சா தின்னுடுவேன்?"

"நீங்க இருந்தா பதில் உங்க மூஞ்சியில எழுதியிருக்கும்."

ப்ரூவிட் முணுமுணுத்துக்கொண்டே போனார். நெஸ்டர் வந்தான். தொப்பியை நெற்றிவரை இழுத்து விட்டிருந்தான். விளக்கை அணைத்துவிடலாமா சார், படம் பார்க்க வசதியாக இருக்கும் என்று கேட்டான். நல்ல மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தேகப்படுகிற எனக்கு அந்த இடத்தில் சந்தேகம் வரவில்லை.

விளக்கை அணைத்தேன். திரை வெளிச்சத்திலேயே எழுதுபலகையில் நான் எதிரணியின் பதினொரு பேரையும் வட்டமாகப் போட்டேன். அவன் அரை நொடிகூட எடுக்கவில்லை.

"இதுல இந்தக் கடைசி ஆளு பொய்யா நிக்கிறான் சார். பந்து நகர்ந்ததும் பின்னாடி ஓடிடுவான். அவன் ஓடிட்டா இந்த இடம் காலி. அங்க எறிவேன்."

வேறொன்று போட்டேன். அதற்கும் பதில் வந்தது. எங்கள் கல்லூரி அணிக்கே நாங்கள் மூன்று வாரம் சொல்லிக்கொடுக்கிற ஒன்றைப் போட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது பள்ளிக்கூடத்துல யாரும் ஆட மாட்டாங்க. உங்க லெவல்ல ஆடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, சரியான இடத்தில் விரலை வைத்தான்.

"அப்புறம் எதுக்குடா ஒவ்வொரு தடவையும் ப்ரூவிட்டைத் திரும்பிப் பாக்குறே?"

"பாக்கலேன்னா கோவிச்சுக்குவார் சார்."

சிரித்துவிட்டேன். இந்தத் தலைக்கா பதினெட்டு? அப்படியானால் பொய் சொன்னது காணொளி அல்ல, மதிப்பெண். அந்தத் தந்திரம் எனக்குப் புதிதல்ல. ஆகஸ்டில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவைத்தால், அக்டோபரில் தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்துப் போனாலும் அதே மதிப்பெண் வரும். யாரும் உட்காரவைக்க முடியாது. எங்கள் கல்லூரிப் பையன்களே செய்கிறார்கள். அடிமட்டத்துக்கு மோசமாகச் செய்தால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். இவன் மாட்டிக்கொள்ளாத அளவுக்கு அளந்து மோசமாகச் செய்திருந்தான். அதற்கே ஒரு தலை வேண்டும். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. நான் தேடிவந்த குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷமும் கூட.

அந்தச் சந்தோஷம் கோப்பில் அடுத்த தாளைப் புரட்டும்வரைதான் நின்றது. அக்டோபர் கடைசியில் இன்னொரு சோதனை வைத்திருந்தார்கள். பதினெட்டு இருந்த இடத்தில் பதினேழு, பதினாறு இருந்த இடத்தில் அதே பதினாறு. "மாற்றமில்லை, ஆடலாம்" என்று கீழே கையெழுத்து. காயங்களைக் கவனிக்கும் ஜோலீன் என்ற பெண் போட்டது. அவள் நான்கு பள்ளிகளுக்கு ஒருத்தி, வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள். சோதனை வைக்கவேண்டிய அளவுக்கு என்ன நடந்தது?

அந்தச் சோதனைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கோர்லி ஊரோடு ஆடிய ஆட்டத்தைத் திரையில் போட்டேன். நான் தேடியது மூன்றாம் கால்பகுதியில் இருந்தது. பக்கவாட்டிலிருந்து ஒருவன் முழு வேகத்தில் வந்து இடிக்க, நெஸ்டரின் பின்மண்டை தரையில் மோதியது. எழுந்தான். ஜோலீனிடம் இரண்டு வார்த்தை பேசினான். அதே ஆட்டத்தில் நான்கு வீச்சு நேரம் மட்டும் வெளியே நின்றுவிட்டு மறுபடி உள்ளே வந்தான். கடைசி நிமிஷத்தில் நாற்பது கஜம் எறிந்து ஜெயிக்கவைத்தான். கடைக் கண்ணாடிகளில் பெயர் ஏறியது அந்த வீச்சுக்காகத்தான்.

நான் குரலை மாற்றாமல் கேட்டேன். "முதல் பாதியில நீ எறிஞ்சு பாயிண்ட் வந்த ரெண்டாவது வீச்சைச் சொல்லு."

"அதுவா! அதுக்கு முன்னாடி அடுத்து எப்படி ஆடுறதுன்னு பேச நாங்க கூடி நிக்கும்போது எங்க டீம் பையன் லாண்டன் வாந்தி எடுத்துட்டான் சார். மதியம் ரெண்டு பர்ரிட்டோ தின்னிருக்கான். என் ஷூ மேலயே. எல்லாரும் சிரிச்சு, நான் அடுத்த திட்டத்தோட பேரையே தப்பாச் சொல்லி, திரும்பச் சொன்னேன்."

"கடைசி வீச்சு?"

"பந்தை வாங்கினேன். இடது பக்கமா ரெண்டு பேர் வந்தாங்க. எனக்குப் பின்னாடி அவனுங்க ஆளு ரெண்டு பேர் ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டி விழுந்தானுங்க. நான் முன்னாடி நகர்ந்து எறிஞ்சேன்."

"உனக்குப் பின்னாடி விழுந்ததை நீ எப்படிப் பாத்தே?"

அவன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த இரண்டு பேர் விழுந்தது உண்மைதான். கூரை மேலிருந்து எடுத்த படத்தில் நன்றாகத் தெரிந்தது. மைதானத்தில் நின்றவனுக்குத் தெரிய வழியே இல்லை.

"அந்த வீச்சுக்கு முன்னாடி கூடி நின்னப்போ என்ன சொன்னே? லாண்டன் என்ன சொன்னான்?"

"சார்..."

"ஒரு வார்த்தை சொல்லு போதும்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கு ஞாபகம் இல்ல சார். அந்த அடிக்கப்புறம் எதுவுமே இல்ல. அடுத்த நாள் காலையில கட்டில்ல முழிச்சதுதான் தெரியும். படத்தைப் பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். எல்லாரும் அதைப் பத்தியே கேக்குறாங்க, என்ன பண்றது?"

"இப்ப தலை வலிக்குதா?"

"வெளிச்சம் பட்டா வலிக்கும். காலையில கொஞ்சம் குமட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும் சார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரப்போகிற ஆட்டத்தில் இந்தப் பையனின் தலை இன்னொரு முறை தரையில் மோதினால் அவன் கட்டிலில் விழிப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படி விழிக்காமல் போன ஒருவனின் வீட்டுக்கு நான் பூக்களோடு போயிருக்கிறேன்.

காருக்குப் போய் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டக்கிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பையன் எப்படி? அதை முதல்ல சொல்லு."

"பதினாறு வருஷத்துல இப்படி ஒருத்தனை நான் பாத்ததில்ல."

"அப்புறம் என்ன? டிசம்பர்ல கையெழுத்து வாங்கு. ஜனவரில நம்ம டாக்டர் பாத்துக்குவார்."

"வெள்ளிக்கிழமை ஆடுறானே?"

"ஆடட்டும்யா. நாம சொல்லியா ஆடுறான்? அந்தத் தாளை நீ பாக்கவே இல்லைன்னு வெச்சுக்கோ. நீ பாட்டுக்கு ப்ரூவிட்டோட பையனை நாக்அவுட்ல உக்கார வெச்சேன்னு வை, இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துலயும் உனக்குக் கதவு திறக்காது. பையனும் கோவிச்சுக்கிட்டு வேற காலேஜுக்குப் போயிடுவான். யாருக்கு என்ன லாபம், சொல்லு?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு நெஸ்டர் வீட்டுக்குப் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. அவன் அம்மா மரிசேலா பருத்தி ஆலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். வேலை உடையைக்கூட மாற்றாமல் மாட்டிறைச்சி சூப்பைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தார். மேசையில் எங்கள் கல்லூரியின் வண்ணத்தில் ஒரு துணி விரித்திருந்தது. அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. நெஸ்டர் எதிரே உட்கார்ந்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். சூப் ஆறும்முன் நான் சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் சோதனையிலிருந்து காலைக் குமட்டல் வரைக்கும்.

மரிசேலா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"வேற பையன் கிடைச்சுட்டானா உங்களுக்கு?"

"என்ன சொல்றீங்க?"

"நேராவே கேக்குறேன். எங்கக்கா பையனுக்கு இப்படித்தான் ஒரு காலேஜ்காரர் வந்து, சூப் குடிச்சு, சத்தியம் பண்ணிட்டுப் போனார். அடுத்த மாசம் முட்டியில ஏதோ கோளாறுன்னு சொல்லி இடத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டார். முட்டியில ஒரு மண்ணும் இல்ல. அவங்களுக்கு வேற ஆள் கிடைச்சிருந்தான். இப்ப நீங்க தலையில கோளாறுன்னு வந்திருக்கீங்க. ஜோலீன் சோதிச்சுப் பாத்து ஆடலாம்னு எழுதியிருக்கா. அதை நம்பவா, உங்களை நம்பவா?"

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுப் பிழைக்கிறவன் நான். ஒரு தடவை உண்மை பேச வந்தால் அதை நம்பும்படி சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்ன அந்தக் காலேஜ்காரர் நானாகவும் இருந்திருக்கலாம். அப்படி நான் திருப்பி எடுத்த இடங்கள் உண்டு.

"என்னை நம்ப வேணாம், மிஸஸ் ஓசூனா. அவனைக் கேளுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான் நெஸ்டர், கேள்வி வருமுன்பே. "சார் மிகைப்படுத்துறார். கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான்."

"பாத்தீங்களா?" என்றார் மரிசேலா. ஆனால் உட்காரவில்லை. அவனை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். தாய்க்கும் அந்த நொடியில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கரண்டியை மெல்லச் சட்டிக்குள் விட்டார்.

"மிஹோ, என் மகனே, ஒண்ணு கேக்குறேன். கோர்லி ஆட்டம் முடிஞ்சதும் நான் மைதானத்துக்குள்ள ஓடி வந்தேனே. உன் காதுல என்ன சொன்னேன்?"

நெஸ்டர் சிரிக்கப் பார்த்தான். "என்னம்மா... நல்லா ஆடினேன்னு சொன்னே. பெருமையா இருக்குன்னு."

"அப்புறம் நீ எங்க போனே?"

"பசங்களோட..."

"இல்ல."

"பஸ்ஸுக்கு?"

மரிசேலாவின் கை மேசையின் விளிம்பைப் பிடித்தது. என் பக்கம் திரும்பி, எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். "ராமிரோ, இவங்கப்பா. ஆறு வருஷமா எண்ணெய்க் கிணறு, எண்ணெய்க் கிணறுன்னு வடக்கே எங்கயோ. போன் கிடையாது, கடுதாசி கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துலயும் இவன் கூட்டத்தைத் தேடித் தேடிப் பாப்பான். நான் பாக்காத மாதிரி இருப்பேன். அன்னைக்கு வந்திருந்தாரு. வேலி ஓரமா நின்னாரு. அதைத்தான் இவன் காதுல சொன்னேன். இவன் ஓடிப் போனான். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கால் மணி நேரம் பேசினாங்க. அவரு அன்னைக்கே கிளம்பிட்டாரு. மூணு வாரமா இவன் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. கோவம் போலன்னு நானும் கேக்கலை."

போனை எடுத்து ஒரு படத்தை அவன் முன்னால் வைத்தார். வேலியோரம் ஒரு தாடிக்காரர், அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுக்குச் சீருடையில் நெஸ்டர்.

நெஸ்டர் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தான். விரலால் பெரிதாக்கினான். அந்த முகத்தையும், பிறகு தன் முதுகையும்.

"அப்பா வந்தாரா?" என்றான்.

மரிசேலா ஆமாம் என்று தலையசைத்தார்.

"நான் என்னம்மா சொன்னேன் அவர்கிட்ட? நல்லபடியா பேசினேனா?"

மரிசேலா அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையை இரண்டு கையாலும், உடைந்துவிடும் என்பதுபோல் பிடித்துக்கொண்டார். "தெரியலடா கண்ணா. நான் தள்ளி நின்னேன், எனக்குக் கேக்கலை" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே ஜோலீனின் நம்பரைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அழுத்தினார். கல்லூரி இடத்தைப் பற்றி அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.